இடுப்புக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று

கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறவர் முதலில் விசாரிப்பது எது உயர்ந்தது என்பதைத்தான். எதற்கு உயர்ந்தது என்று தம்மையே கேட்டுக்கொள்ளாத வரையில் அந்த விசாரணைக்கு முடிவே ஏற்படாது. இடுப்புக்கும் சட்டைக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சிறிய ரிவால்வரும், பந்தய மைதானத்தில் ஒரு கையை நீட்டி நின்று குறிபார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பெரிய பிஸ்டலும் ஒரே வகைத் தோட்டாவைக்கூட உபயோகிக்கலாம்; ஆயினும் ஒன்று செய்கிற காரியத்தை மற்றொன்று செய்யாது என்பது மட்டுமன்று, ஒன்றுக்கு அழகாக அமைந்த குணமே மற்றொன்றுக்குக் குறையாகவும், சில வேளைகளில் அபாயமாகவும் முடிகிறது.

அமராவதி ஆற்றங்கரையில், மடத்துக்குளம் வட்டத்தில் அமைந்த கொமரலிங்கம், நெல் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற பழைய ஊர். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த அமராவதி வனச்சரகம் இவ்வட்டாரத்துக்குத் தெற்கே பரந்து கிடப்பதால், இங்கே துப்பாக்கி என்ற பேச்சு எடுத்தால் முதியவர்கள் நினைவுக்கு வருவது தோட்டத்துச் சாளையில் தொங்கும் நீண்ட குழல்துப்பாக்கி, அதாவது மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியே இட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிதான். அதுவும் வெள்ளாமைக் காவலுக்கு வெடியோசை எழுப்பத்தான் உதவுமேயன்றி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கையில், தோப்புக்குள் புகுந்த காட்டுப்பன்றியை விவசாயி தன் இஷ்டம்போல் சுட்டு வீழ்த்துவதற்கு உரிமை தருவதாகாது.

திருப்பூர்ப் பனியன் தொழில் தலையெடுத்த பின் இப்பக்கத்துக் குடும்பங்கள் பல, ஒரு காலைத் தோப்பிலும் மற்றொரு காலைக் கம்பெனியிலும் ஊன்றி வாழப் பழகிவிட்டன. சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம் பட்டுவாடா செய்வதற்கு ரொக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு இருட்டிய சாலையில் போகவேண்டியிருந்த முதலாளிக்கு, தற்காப்புக்கு ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை எழுந்ததில் வியப்பில்லை. அந்த யோசனையோடு, தொலைக்காட்சியில் ஒலிம்பிக் பந்தயம் பார்த்த பிள்ளைகளின் ஆசையும் சேர்ந்துகொள்ளும்போது பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: “ஏனுங்ணா, பைக்குள்ள அடங்கற மாதிரி ஒண்ணு வாங்குனாப் போதாதுங்களா? அதையே எடுத்துட்டுப் போயி கிளப்புலயும் சுட்டுப் பழகிக்கலாமல்லங்க?” கேட்கப்படுகிற அண்ணன் விஷயம் தெரிந்தவராக இருந்தால், “ரெண்டும் ஒண்ணாகுமா தம்பி?” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்கு விரிவுரை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் இதற்கு விடை தேடுகிறவர் கடைக்குப் போகுமுன் சட்டத்தின் வாசலில் சற்று நிற்க வேண்டும். லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878-இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, இந்தியர் மட்டும் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று விதித்தது. சுதந்திர இந்தியா இயற்றி, 1962 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாரபட்சத்தை ஒழித்ததே தவிர, லைசென்ஸ் என்கிற கட்டுப்பாட்டை ஒழிக்கவில்லை. இச்சட்டத்தின் 13-ஆம் பிரிவைக் கவனித்துப் படித்தால் சுவையானதொரு வேற்றுமை புலப்படும்: 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும், குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்க் காவலுக்குக் கேட்பவருக்கும், வேறு தடை ஏதும் இல்லையாயின் அனுமதி கொடுக்க வேண்டும் என்று சொல்லுகிற அதே பிரிவு, மற்ற ஆயுதங்களைக் கேட்பவர் தக்க காரணம் காட்ட வேண்டும் என்கிறது. தோட்டத்துக் குழல்துப்பாக்கிக்கு ஒரு நீதி, கைத்துப்பாக்கிக்கு வேறொரு நீதி.

அந்தத் தக்க காரணம் எது என்பதை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் விவரிக்கின்றன. தொழிலின் தன்மையாலோ வியாபாரத்தாலோ உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள உண்மையான தேவை உடையவர் என்பது ஒன்று. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் சங்கத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து பங்கெடுத்து வருகிற விளையாட்டு வீரர் என்பது மற்றொன்று. முதலாவது, இடுப்பில் செருகும் சிறு துப்பாக்கியின் வாசல். இரண்டாவது, பந்தயப் பிஸ்டலின் வாசல். கடைக்காரர் ‘எது வேண்டும்?’ என்று கேட்பதற்கு வெகு முன்னதாகவே, மாவட்ட ஆட்சியர் ‘எதற்கு வேண்டும்?’ என்று கேட்டுவிடுகிறார். விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும்; போலீஸ் விசாரணை நடக்கும்; பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் கேட்கப்படும். ஒருவர் மூன்று ஆயுதங்கள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டதால், பாட்டனார் காலத்துக் குழல்துப்பாக்கி ஏற்கெனவே வீட்டில் இருக்குமானால், சாதாரணக் குடிமகனுக்கு எஞ்சுவது ஓர் இடம் மட்டுமே. ‘இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்லும் சௌகரியம் அவருக்கு இல்லை.

அமெரிக்காவில் இதே சர்ச்சை எழுந்தால் பெரும்பாலும் 9 மில்லிமீட்டர்ப் பிஸ்டல்களில் சின்னதா பெரியதா என்பதாகத்தான் இருக்கும். நம் நாட்டிலோ 9 மில்லிமீட்டர், பாயிண்ட் 38 போன்றவை, படைக்கும் போலீஸுக்கும் உரியவை என்ற கருத்தில், தடை செய்யப்பட்ட குழல்விட்டங்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொதுமக்களுக்கு எஞ்சியவற்றில் பெருவழக்கானது பாயிண்ட் 32. கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலையில் தயாராகும் ஆறு தோட்டா ரிவால்வர் இந்த விட்டத்தைச் சேர்ந்ததே. குழலின் நீளம் சுமார் 76 மில்லிமீட்டர். மொத்த நீளம் ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். எடை 700 கிராம் அளவு. 2014-இல் பெண்களின் தற்காப்புக்கென்று விளம்பரம் செய்யப்பட்டு வெளிவந்த ‘நிர்பீக்’ இதைவிட இலேசானது, அரைக் கிலோ எடைதான். 2023 ஆகஸ்டில் அறிமுகமான ‘பிரபல்’ என்பதற்கும் குழல் 76 மில்லிமீட்டரே. தோட்டாச் சக்கரம் பக்கவாட்டில் திறந்துகொள்ளும் புதிய அமைப்பு அதன் சிறப்பு.

இந்தச் சிறு துப்பாக்கிகளின் குணங்கள் யாவும் ஒரே நோக்கத்திலிருந்து பிறந்தவை: நாள் முழுவதும் சுமந்து திரிந்தாலும் உறுத்தக் கூடாது, அவசரத்தில் உருவும்போது துணியில் சிக்கக் கூடாது, எதிர்பாராமல் வெடித்துவிடக் கூடாது. ஆதலால் குழல் குறுகியது, பிடி சிறுத்தது, மூலைகள் மழுங்கியவை. ரிவால்வரின் விசை மட்டும் வேண்டுமென்றே கனமாக விடப்பட்டிருக்கிறது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் விசையை மட்டும் இழுத்தால், அந்த ஓர் இழுப்பிலேயே தோட்டாச் சக்கரம் சுழன்று, சுத்தியல் எழுந்து, மறுபடி விழ வேண்டியிருப்பதால், விரலுக்குப் பல கிலோ எடையைத் தூக்குகிற பிரயாசை உண்டாகிறது. பயத்தால் நடுங்கும் விரலோ, பைக்குள் கூடக் கிடக்கும் சாவிக்கொத்தோ எளிதில் வெடிக்கச் செய்துவிடாதபடி காப்பது அந்தக் கனமே.

ஆனால் பாதுகாப்பு தருகிற அந்தக் கனம் குறியைக் கெடுக்கிறது. விசையை இழுக்க இழுக்க மணிக்கட்டும் சேர்ந்து அசைகிறது. இலேசான ஆயுதமாகையால் அந்த அசைவைத் தாங்கி நிற்கும் எடையும் அதற்கு இல்லை. வெடித்த பின் எழும் உதைப்பும் கையைத் தூக்கிப்போடுகிறது. குழல் குறுகியதால் நேர்கிற நஷ்டம் இன்னும் பெரியது. குறிபார்ப்பவர் பின்புறத்துப் பிளவின் நடுவே முன்புறத்து முனையை நிறுத்திப் பார்க்கிறார் அல்லவா? அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 220 மில்லிமீட்டராக இருந்து, முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தால், 25 மீட்டர் தொலைவில் தோட்டா சுமார் 11 சென்டிமீட்டர் தள்ளிப் பாயும். தூரம் 110 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால், அதே ஒரு மில்லிமீட்டர்ப் பிழைக்குத் தோட்டா சுமார் 23 சென்டிமீட்டர் விலகிவிடும். துப்பாக்கி பழுதில்லாதது, தோட்டாவும் நல்லதே. சுடுகிறவரின் கையில் நேர்ந்த சிறு பிழையை அந்தக் குறுகிய நீளம் இரு மடங்காக்கிக் காட்டுகிறது. சில அடி தூரத்தில் எதிராளி நிற்கிற ஆபத்தில் இந்த விலகல் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். மைதானத்தில் அது பந்தயத்தையே தோற்கடித்துவிடும்.

இப்போது பந்தயப் பிஸ்டலைப் பார்ப்போம். அதன் உருவத்தைத் தீர்மானிப்பவை சர்வதேச விளையாட்டு விதிகளே. 25 மீட்டர்ப் போட்டிகளுக்கான பிஸ்டல், 300 மில்லிமீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,400 கிராமுக்கு மேற்படலாகாது. குழல் 153 மில்லிமீட்டரையும், குறிகளுக்கு இடைப்பட்ட தூரம் 220 மில்லிமீட்டரையும் தாண்டலாகாது. விசை குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்கிய பிறகே விட வேண்டும். இந்த எல்லைகளுக்குள் எவ்வளவு சௌகரியம் தேடமுடியுமோ அவ்வளவையும் ஆயுதம் செய்வோர் தேடியிருக்கின்றனர். மரப்பிடி, வீரரின் உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டு, கட்டைவிரலுக்கு ஒரு மேடையும் உள்ளங்கையின் அடிப்புறத்துக்கு ஒரு தட்டும் வைத்து, ஒரு கையில் எடுத்தவுடன் அதே இடத்தில் போய் அமரும்படி ஆக்கப்பட்டிருக்கிறது. அப்படி அமர்ந்த பிடி, வேறொருவர் கைக்குச் சற்றும் பொருந்துவதில்லை. விசையோ, விரலின் நினைப்பை அறிந்ததுபோல் இணங்குகிறது.

இலக்கைக் கவனித்தால் இத்தனை நுட்பம் ஏன் என்பது விளங்கும். 25 மீட்டரில் நிதானமாகச் சுடும் பகுதியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்தான். வேகமாகச் சுடும் பகுதியில் இலக்கு மூன்று வினாடி முகம் காட்டி ஏழு வினாடி மறைந்துவிடுகிறது. தாழ்த்தி வைத்த கையை அந்த மூன்று வினாடிக்குள் உயர்த்திச் சுட வேண்டும். ஆடவருக்குரிய ஒலிம்பிக் துரிதப் போட்டியில் ஐந்து இலக்குகளை முதலில் எட்டு வினாடியிலும், பிறகு ஆறு வினாடியிலும், கடைசியில் நான்கே வினாடியிலும் சுட்டாக வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நமது ராணுவத்தைச் சேர்ந்த விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றது இந்தப் போட்டியில்தான். அதற்குரிய தோட்டா பாயிண்ட் 22 என்கிற மிகச் சிறியது.

நம் ஊர்க் கேள்விக்கு இன்னும் நெருக்கமான போட்டி ஒன்றுண்டு. 25 மீட்டர் ‘சென்டர் ஃபயர்’ பிஸ்டல் என்று வழங்கும் அதில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை உள்ள தோட்டாக்களுக்கு இடம் உண்டு. உலகெங்கும் வீரர்கள் பெரும்பாலும் தேர்ந்துகொள்வது பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்பதை. கான்பூர் ரிவால்வர் சுடுவதும் அதே வகைத் தோட்டாவைத்தான். போட்டிக்கு உரியது காகித இலக்கில் வட்டத் துளை விழும்படி தட்டையான தலையுடையது என்பதே வேறுபாடு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இளைஞராக இப்போட்டியில் தங்கம் வென்ற ஜஸ்பால் ராணா, 2006-இல் தோஹாவில் 600-க்கு 590 புள்ளி எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். அவர் எடுத்துச் சென்றது சட்டைப்பை ரிவால்வராக இருந்திருக்குமானால், அதே தோட்டாவைக் கொண்டு அந்த 590-ஐ எவராலும் எட்டியிருக்க முடியாது.

அப்படியானால் பந்தயப் பிஸ்டலையே வாங்கி வீட்டுக் காவலுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். முதல் தடை, அது கிடைப்பதே அரிது. இத்தாலியின் பார்தினி, ஜெர்மனியின் வால்தர் முதலியவை வெளிநாட்டுச் சரக்கு. அவற்றை வரவழைக்கும் சலுகை, தகுதி பெற்ற விளையாட்டு வீரருக்குரியது. இரண்டாவது தடை, அதன் குணமே. இணக்கமான விசை, மைதானத்தில் அதிகாரியின் கட்டளைக்குப் பிறகு தோட்டாவை இட்டு, இலக்கை நோக்கி நீட்டிய கைக்கு வரப்பிரசாதம். இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு தடவி எடுக்கும் கைக்கோ சாபம். ஏறக்குறைய ஓர் அடி நீளக் கருவியை இடுப்பில் மறைத்துக்கொண்டு மொபெட்டில் போய்வருவதும் நடவாது. பிடி சற்று மாறி அமர்ந்தால் குறியும் மாறிவிடும். இத்தகைய கருவிகள் பராமரிப்பில் சிறிது பிசகினாலும், பிசகாவிட்டாலும்கூட, சில சமயம் காலை வாரிவிடும் என்பதை 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை மனு பாக்கர் அனுபவித்தார். தகுதிச் சுற்றின் நடுவே ஏர் பிஸ்டல் பழுதுபட்டு விலைமதிப்பற்ற நிமிஷங்கள் வீணாயின. மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் ஜஸ்பால் ராணாவின் பயிற்சியோடு இரண்டு வெண்கலங்கள் பெற்று அவர் அதை ஈடு செய்தார். மைதானத்தில் பழுது நேர்ந்தால் அடுத்த போட்டி உண்டு. உயிர்க் காவலில் அடுத்த போட்டி கிடையாது.

இவ்வாறாக இரண்டும் வெவ்வேறு காரியத்துக்கு என்று தீர்ந்தபின், எதைத் தேர்வது என்பதற்கு இதுவரை சொன்ன அளவுகளைக் காட்டிலும் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. சுமப்பதற்கு எளிதான துப்பாக்கி சுடுவதற்குக் கடினமானது. சுடுவதற்கு எளிதானது சுமப்பதற்குக் கடினமானது. ஆகையால் அதிகமான அப்பியாசம் யாருக்கு அவசியம் என்றால் சிறு ரிவால்வர் வைத்திருப்பவருக்குத்தான். நடைமுறையிலோ, அப்பியாசமே செய்யாதவரும் அவரே. பந்தய வீரர் வாரந்தோறும் மைதானத்துக்குப் போகிறார், ஏனெனில் போகாவிட்டால் அந்தக் கருவிக்கு வேறு உபயோகமே இல்லை. ரிவால்வர் முதலாளி வாங்கிய புதிதில் பரிசோதனைக்கு இரண்டொரு தோட்டா சுட்டுவிட்டு, பிறகு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும், தேர்தல் வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போதும் மட்டும் வெளியே எடுக்கிறார். துணியை வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் கத்தரியை வாங்கி வைத்ததனால் மட்டும் மாஸ்டர் ஆகிவிடுவதில்லை என்பது பனியன் கம்பெனிக்காரருக்கு எவரும் சொல்லித் தர வேண்டிய பாடமன்று.

ஆயுதத்தோடு கூடவே வருகிற பொறுப்புகளையும் எண்ணிப் பார்ப்பது நன்று. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. பிறர் பார்க்கும்படி ஆட்டிக் காட்டுவது குற்றம். கல்யாண ஊர்வலத்திலோ திருவிழாவிலோ உற்சாகமாக வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லுகிறது. தற்காப்பு உரிமையை இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வகுக்கின்றன. காப்புக்கு எவ்வளவு அவசியமோ அதற்கு மிஞ்சிய தீங்கு இழைக்க அந்த உரிமை இடம் தராது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதிடப் போகிறவர், நீதிமன்றத்தில் நெடுநாள் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். அப்படி வைத்தாலோ, இரவில் அவசரத்துக்கு எடுப்பதற்கென்று வாங்கியது அவசரத்துக்கு உதவாமல் போகிறது. இந்த முரண்பாட்டுக்கு எந்தத் தொழிற்சாலையும் மருந்து கண்டதில்லை.

வாரச் சம்பளமும் இப்போது பெருமளவு வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டது. ரொக்கப் பை இல்லாத சாலையில் ரிவால்வர் எதைக் காக்கப் போகிறது என்று கேட்டுப் பார்த்தால், தற்காப்பின் பெயரால் வாங்க நினைத்தவர்களில் பலர் தேடுவது கௌரவத்தையே என்பது தெரியவரும். உண்மையான மிரட்டல் உள்ளவர்கள் சிலர் இருக்கலாம். அவர்கள் காரணத்தை ஆதாரத்தோடு எழுதி, சிறு ரிவால்வருக்கு விண்ணப்பிப்பதே முறை. கிடைத்தபின் அதே ரிவால்வரோடு மைதானத்துக்குப் போய், பந்தயத் தூரத்தை மறந்து, ஐந்தாறு மீட்டரில், கனத்த விசையைக் கை அசையாமல் இழுக்கப் பழகுவது அவர்கள் விட்டுவிடக்கூடாத கடமை.

துப்பாக்கி சுடும் கலையில் ஆசை கொண்ட மற்றவர்களுக்கு இரண்டுமே முதற்படி அல்ல. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத விட்டமும், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்கிற ஒலிம்பிக் போட்டி நடப்பதே அந்த வகைக் கருவியில்தான். அதன் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. விசைக்கு வேண்டிய எடை 500 கிராம். 60 முறை சுட 75 நிமிஷம். நிற்கும் நிலை, மூச்சை அடக்கும் முறை, விசையைப் பிசகாமல் இழுக்கும் நிதானம் ஆகிய மூன்றும் இங்கே கைவந்துவிட்டால், பிற்பாடு பாயிண்ட் 22-க்கும் பாயிண்ட் 32-க்கும் போவது ஏணியின் அடுத்த படிதான். கொமரலிங்கத்துப் பிள்ளைக்கு இதற்கென்று கோயம்புத்தூர் ரைபிள் கிளப் வரையில் போகவேண்டிய சிரமம் உண்டு. ஆனால் விதி கேட்கிற இரண்டு ஆண்டு அங்கத்தினர் கணக்கு அங்கே சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

ஆகவே கைத்துப்பாக்கி வாங்க வேண்டும் என்று தோன்றியவருக்குச் சொல்லக்கூடிய யோசனை, பணத்தை எடுத்துக்கொண்டு ஆயுதக் கடைக்குப் போவதற்குப் பதிலாக நேரத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள் என்பதே. அங்கே சங்கத்தின் கருவியில், அனுபவசாலியின் கண்காணிப்பில் சுட்டுப் பார்க்கிறவர்களில் ஒரு பகுதியினர், சில மாதங்களில் ஆசை தணிந்து நின்றுவிடுவார்கள்; அவர்களுக்கு ஒரு பெருஞ்செலவும் ஆயுட்காலப் பொறுப்பும் மிச்சம். மற்றொரு பகுதியினர் பத்துப் புள்ளி வட்டத்தின்மேல் தீராத மோகம் கொள்வார்கள். அவர்களுக்குச் சட்டைப்பை ரிவால்வர் வேண்டாததாகிவிடும். உண்மையிலேயே உயிருக்கு அச்சம் உள்ள சிலர், பெரிய பிஸ்டலில் கிடைத்த புள்ளிகள் சிறிய ரிவால்வரில் எப்படிச் சிதறுகின்றன என்பதைத் தம் கண்ணாலேயே கண்டு, எவ்வளவு பழக வேண்டும் என்ற கணக்கோடு வெளியே வருவார்கள். எதை வாங்கலாம் என்று அதன்பின் அவர்களில் எவரும் இன்னொருவரைக் கேட்கப் போவதில்லை.